எரிக்கச் சொன்ன குச்சிகள்

கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசல்காரர் அந்த ரோஜாச் செடியை மறுபடியும் சுற்றி வந்தார். பூ இல்லை. மொட்டு இல்லை. மொட்டு வரப்போகிறது என்று சொல்ல ஒரு தளிர்கூட இல்லை. எப்படி இருக்கும்? போன வாரம்தான் அவரே கவாத்து செய்து எல்லாவற்றையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டிருந்தார். வருடம் முழுக்கப் பூத்துத் தள்ளுகிற தோட்டம், மனைவி கூடத்தில் உயிரில்லாமல் கிடக்கிற இந்த ஒரு நாளில் வெறும் குச்சிகளாக நின்றது.

மகள் பின்வாசலுக்கு வந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அப்பா, உள்ள வாங்க. எல்லாரும் கேக்கறாங்க."

"என்ன கேக்கறாங்க?"

"நீங்க எங்கன்னு."

"பூ பாத்துட்டிருக்கேன்னு சொல்லு."

மகள் செடிகளைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் தெரியும், கவாத்து செய்த செடியிடம் பூ கேட்பது மொட்டைத் தலைக்குச் சீப்பு தேடுகிற காரியம்.

கடைசல் பட்டறையில் காலம் தள்ளியதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் ஓய்வு பெற்ற பிறகும் பெயர் ஓய்வு பெறவில்லை. இரும்பை மயிரிழை பிசகாமல் கடைந்து பழகியவர், அதே கறாரை ரோஜாவிடமும் காட்டினார். கடையில் ஒட்டுச்செடி வாங்கித் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்களை அவர் ரோஜா வளர்ப்பவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இரண்டு ரோஜாக்களைக் கலக்க வேண்டும், காய் பழுத்ததும் உடைத்து விதை எடுக்க வேண்டும், முளைக்க வைக்க வேண்டும், முளைத்ததில் தேறுவதைப் பொறுக்க வேண்டும். அதிலும் பொறுக்குவதுதான் வேலை, மற்றதெல்லாம் எடுபிடி என்பார்.

நாற்றுகள் முதல் பூ பூக்கிற வாரத்தில் வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றின் முன்னும் குந்துவார். இதழ் போதாது என்றால் போயிற்று. காம்பு வலுவில்லாமல் தலை தொங்கினால் போயிற்று. இலையில் கரும்புள்ளி கண்டுவிட்டால் பூ எப்படி என்று பார்க்கக்கூட மாட்டார், வேரோடு பிடுங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிடுவார்.

"நோய் வந்தத வச்சுக்கிட்டுக் கொஞ்சிட்டிருக்க முடியாது" என்பது அவர் வாயில் அடிக்கடி வருகிற வசனம். சாப்பிடும்போதும் வரும், விருந்தாளிகள் முன்னாலும் வரும். ஒரு தடவை அவர் அப்படிச் சொன்னபோது, தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த மனைவி, "நல்லவேளை, எனக்கு இலை இல்ல" என்றாள். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விட அவர்தான் அதிகமாகச் சிரித்தார்.

கூடத்துக்கு வந்தார். ஜன்னலோரமாகப் போட்டிருந்த கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. உயிரோடு இருந்தபோதும் முகத்தில் எதையும் காட்டாதவள்தான். வேலை பார்த்த காலமெல்லாம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், எத்தனை நேரம் பேசுகிறார்கள், யார் அழுதுகொண்டே வைத்தார்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை வீட்டுக்கு வந்ததில்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. "இவ வயித்துல போட்டது வெளிய வராது" என்று பட்டறையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

"எத்தன மணிக்கு எடுக்கறீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"வண்டி மத்தியானம் வரும்" என்றாள் மகள்.

அந்தச் சமயத்தில்தான் வாசலில் ஒரு சலசலப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவன் வாசற்படியில் தயங்கி நின்றான். கையில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி, அதன் வாயை ஈரத்துணியால் மூடியிருந்தான். பின்னால் அவன் மனைவி. கூடத்தில் இருந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டு, ஒரே சமயத்தில் கடைசல்காரரைப் பார்த்தார்கள்.

அவருடைய தம்பிதான். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஏன் என்பதும் தெரியும். ஒரு ரோஜாவால்.

அந்த ரோஜா இருவரும் சேர்ந்து உண்டாக்கியது. தம்பி கடிகாரம் பழுது பார்க்கிறவன், விரல் நடுங்காது. சின்னத் தூரிகையால் மகரந்தம் எடுத்துத் தடவிக் கலப்பு செய்தது அவன். அதில் வந்த நாற்றுகளில் நோஞ்சானாக மூலையில் கிடந்த ஒன்றை, பிடுங்க வேண்டாம், இன்னும் ஒரு பூ பார்க்கலாம் என்று நிறுத்தியது அவர். அடுத்த பூ வந்தபோது இருவரும் வாயடைத்துப் போனார்கள். பால் குறைத்துப் போட்ட டீயின் நிறம், இதழைத் திருப்பினால் அடியில் செங்கல் சிவப்பு. அப்படி ஒரு ரோஜா வேறு எங்கும் கிடையாது. பூக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். நடுவர் வந்து, இதை உருவாக்கியது யார் என்று கேட்ட நேரம் பார்த்து அவர் ஜாடிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது தம்பி கையில் கோப்பை இருந்தது.

"யாரு பண்ணதுன்னு கேட்டாங்க, நான்தான்னு சொன்னேன். பொய்யா?" என்றான் தம்பி.

"மகரந்தம் தேய்க்கறத ஒரு தேனீ செய்யும்டா."

"அப்ப கோப்பைய தேனீக்குக் குடுத்துடுங்க."

அதோடு சரி. செடி அண்ணன் வீட்டு மண்ணில் இருந்ததால் அண்ணனுக்கு, கோப்பை தம்பி கையில் இருந்ததால் தம்பிக்கு. பிறகு ஒரு நாள் தம்பி ஆள்விட்டு ஒரே ஒரு குச்சி கேட்டான். ரோஜாவுக்கு ஒரு குச்சி போதும், ஊன்றினால் செடி. அதனாலேயே கடைசல்காரர் கொடுக்கவில்லை. உயிர் போனாலும் இந்தச் செடியிலிருந்து ஒரு குச்சி மதிலைத் தாண்டாது என்று சொல்லியனுப்பினார். சொன்னபடி காப்பாற்றியும் வந்தார். ஒவ்வொரு வருடமும் கவாத்து முடிந்ததும் வெட்டிய குச்சிகளை ஒன்று விடாமல் பொறுக்கிக் கட்டி மனைவியிடம் கொடுப்பார். எரிப்பது அவள் பொறுப்பு. தன் கையால் எரிக்க அவருக்கு மனசு வராது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். புகை வாசனை வந்த பிறகுதான் வெளியே வருவார்.

தம்பி ஈரத்துணியை எடுத்தான்.

வாளி நிறைய பூ. பால் குறைத்துப் போட்ட டீயின் நிறம்.

கடைசல்காரர் கிட்டே போனார். வாளியிலிருந்து ஒன்றை எடுத்து வெளி இதழைக் கட்டைவிரலால் திருப்பினார். அடியில் செங்கல் சிவப்பு. காம்பைப் பார்த்தார். இலைக்குக் கீழே இரண்டிரண்டாக, கீழ்நோக்கி வளைந்த சிவந்த முள். கண்ணைக் கட்டிக்கொண்டு தடவினாலும் சொல்லிவிடுவார், அவருடைய செடிதான்.

தம்பியிடம் பேசுவதில்லை என்பதால் மகளைப் பார்த்துச் சொன்னார். "இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேளு."

"அப்பா, இப்ப எதுக்கு..."

"கேளு."

மகள் கேட்கவில்லை. தம்பி கட்டிலைப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அண்ணி குடுத்தாங்க" என்றான்.

"எத அண்ணி குடுத்தா?" மகள் வழியாகப் பேசுவதை அவர் மறந்துவிட்டார்.

"குச்சிதான். வருஷா வருஷம். பத்து ஊனுனா ஒண்ணுதான் பிடிக்கும், அதனால வருஷா வருஷம் கொண்டு வருவாங்க."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். செத்த வீட்டில் சண்டை என்றால் யாருக்குத்தான் காது நீளாது. கடைசல்காரர் பூவை வாளியில் போட்டார், வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்தார்.

"இது உள்ள வரக்கூடாது" என்றார். பிறகு விறுவிறுவென்று கூடத்தையும் சமையலறையையும் கடந்து தோட்டத்துக்கு நடந்தார்.

புகை. அப்படியானால் எதை எரித்தாள்? காய்ந்த சருகையா, பழைய செய்தித்தாளையா? கதவைச் சாத்திக்கொண்டு ஒருவன் உள்ளே மூக்கைத் தீட்டிக்கொண்டு நிற்பான், அவனுக்கு ஒரு புகை காட்டினால் போதும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். அத்தனை வருடமும் அந்தப் புகையை நம்பிக் குளித்திருக்கிறார்.

போன வாரம் கவாத்து செய்த குச்சிகளைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருந்தார். எரிக்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்ததும் எரிக்கட்டும் என்று விட்டிருந்தார். வந்துவிடுவாள் என்றுதான் அப்போது நினைத்தார். ஆஸ்பத்திரியில் அவளேதான் அவரைக் கிளப்பிவிட்டாள். "கவாத்து பண்ற நாள் தள்ளிப் போகுது, போய்ப் பண்ணிட்டு வாங்க. நான் எங்க ஓடிடப் போறேன்" என்றாள். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாத நிலையிலும் தன் ரோஜாவை நினைக்கிறாளே என்று அவர் உருகிப்போனார். பஸ்ஸில் வரும்போது வெட்கத்தை விட்டு அழுதார். வந்து, அந்த அழுகையோடுதான் ஒவ்வொரு குச்சியாக வெட்டினார்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. கட்டு வைத்த இடத்தில் இரண்டு காய்ந்த இலைகள்தான் கிடந்தன.

மகள் பின்னாலேயே வந்திருந்தாள்.

"இங்க ஒரு கட்டு இருந்துச்சு."

மகள் கீழே கிடந்த இலைகளைப் பார்த்தாள்.

"உங்கிட்டதான் கேக்கறேன்."

"சித்தப்பா வந்து எடுத்துட்டுப் போனாரு. அம்மாதான் போன் பண்ணி எங்கிட்ட சொன்னாங்க, எடுத்துக் குடுத்துடுன்னு. அடுத்த வருஷம் குடுக்க நான் இருக்க மாட்டேன்னாங்க."

"உனக்கு முன்னாடியே தெரியுமா? அவ அங்க போறது வர்றது?"

"போறது தெரியும். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நான் என்னப்பா பண்ணுவேன்?"

"நல்லாயிருக்கு. ரொம்ப நல்லாயிருக்கு."

மகள் அழ ஆரம்பித்தாள். அவளைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது, கை வரவில்லை. அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். ஆக, அவள் ரோஜாவை நினைக்கவில்லை. அவரையும் நினைக்கவில்லை. தம்பிக்குக் குச்சி வேண்டும், அதற்கு ஒருவன் போய் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். கூலியில்லாமல் ஒரு கவாத்துக்காரன். அவன் பஸ்ஸில் அழுதுகொண்டு வேறு போயிருக்கிறான்.

யாரோ மகளைக் கூப்பிட, அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அந்த இடத்தில் தம்பி மனைவி வந்து நின்றாள். பயந்த சுபாவம் அவளுக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அவர் முன்னால் நின்று நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

"மாமா, அவர வேணா போகச் சொல்லிடறேன். நான் மட்டும் அக்காகூட இருந்துட்டுப் போறேன்."

"எத்தன வருஷமா வர்றா உங்க வீட்டுக்கு?"

"ரொம்ப நாளாவே. வாரத்துல ஒரு நாள் வருவாங்க."

முழங்கால் வலிக்குப் பயிற்சி என்று வாரம் ஒரு நாள் போவாள். போய்விட்டு வந்தால் வலி தேவலை என்பாள். அவரே அவளை பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக டாட்டா காட்டியிருக்கிறார்.

"வந்து என்ன செய்வா?"

"செடிதான் பாப்பாங்க. களை எடுப்பாங்க, தண்ணி விடுவாங்க. அவங்களே குச்சி ஊனுவாங்க. அவங்க ஊனுனத மட்டும் அவர தொட விட மாட்டாங்க."

"செடியா? அவளா?" அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இந்த வீட்டுத் தோட்டத்தில் அவள் ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்ததில்லை. முள் குத்தும் என்பாள்.

தம்பி மனைவி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். இன்னும் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

"சொல்லு. இன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிடு."

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அக்காவுக்கு உடம்பு இப்படின்னு... எங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"முன்னாடியேன்னா?"

"அன்னிக்கி அவங்க சமையல்கட்டுல விழுந்தப்புறம் நீங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீங்க இல்ல? அதுக்கு ரொம்ப முன்னாடி. முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதே நான்தான். அதுக்கான ஊசி போட்டப்பல்லாம் எங்க வீட்டுலதான் வந்து படுத்துக்குவாங்க. கொஞ்சம் தெளிஞ்சதும் முகம் கழுவிட்டுக் கெளம்பிடுவாங்க."

குச்சி போனது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. கடைசல்காரர் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே கூரையின் கீழ், ஒரே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவர்கள். அவள் சாகப்போகிறாள் என்பது ஊரில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நாங்களும் எவ்வளவோ கேட்டோம். அவர் உங்ககிட்ட வந்து சொல்லிடறேன்னு ஒரு நாள் கெளம்பிட்டாரு. அக்கா கையப் பிடிச்சுக்கிட்டாங்க."

"ஏன்னு கேக்கறேன்."

அவள் கீழே பார்த்தாள். "செடியில புள்ளி வந்தா அவர் ஒரு பார்வை பாப்பாரு, அந்தப் பார்வைய என்மேல பாத்தா எனக்குத் தாங்காதுன்னாங்க."

கடைசல்காரர் எழுந்துவிட்டார்.

"செடியும் அவளும் ஒண்ணா? ஏம்மா, செடியும் பொண்டாட்டியும் ஒண்ணா? விளையாட்டுக்குச் சொல்றது எது, நெஜம் எதுன்னு தெரியாதா அவளுக்கு? இத்தன வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்? கடைசில நான் பாக்கலியா? வாய் தொடச்சுவிட்டேன், தலை வாரிவிட்டேன், நர்ஸ் வேண்டாம்னு நானே துணி மாத்தினேன். மூஞ்சி சுளிச்சேனா? ஒரு நாள் சுளிச்சேனா?"

"இல்ல மாமா."

"பின்ன என்னத்துக்கு..." பட்டறையில் ஒரு உருப்படி கெட்டுப்போனால்கூட, கடைந்தவனைக் கூப்பிட்டு என்னப்பா ஆச்சு என்று கேட்டுவிட்டுத்தான் கழிப்பார்கள். அவளோ அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவன் தேறமாட்டான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டு, அந்த முடிவைச் சொல்லாமல், தினமும் இரண்டு வேளை சாப்பாடு போட்டிருக்கிறாள்.

உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்கு வழிவிட்டு எழுந்தார்கள். அழப்போகிறார் என்று நினைத்தார்கள்போல. அவருக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எழுந்து உட்கார்ந்து இதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளேன் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. நெற்றியில் ஒரு முடி கலைந்து கிடந்தது. அதை ஒதுக்கிவிடக் கை போயிற்று, பாதியில் நிறுத்திக்கொண்டார். அதற்கும் தம்பி வீட்டில் அனுமதி கேட்க வேண்டுமோ என்னவோ.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. டிரைவர் பின்கதவைத் திறந்துவிட்டு ஓரமாகப் போய் நின்றான்.

"அப்பா," மகள் தோளைத் தொட்டாள். "பூ ஒண்ணுமே இல்லாமயா அம்மாவ அனுப்பறது?"

"கடையில வாங்கலாமே."

"இனிமே எங்க போய் வாங்கறது? வெளிய வாளி நெறைய இருக்கு."

இந்தச் செடியின் பூ இல்லாமல் அவளை அனுப்பலாம், கௌரவம் மிஞ்சும். வாளியை உள்ளே விட்டால், இத்தனை பேர் முன்னால் தம்பி ஜெயித்தான், அவள் ஜெயித்தாள். இரண்டில் எது செய்தாலும் ஏமாந்தது ஏமாந்ததுதான். வாசலுக்கு நடந்தார்.

தம்பி தெருவோரமாக, வெயிலில் நின்றிருந்தான். போகச் சொன்னால் போய்விடத் தயாராகச் செருப்பைப் போட்டிருந்தான். தலை நன்றாக நரைத்துவிட்டது. கடைசல்காரர் வாளியின் முன்னால் குந்தினார். கண்ணாடி தானாக மூக்கு நுனிக்கு இறங்கியது. பூக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். இதழில் பூச்சி அரித்தது, இந்தப் பக்கம். நேற்றே மலர்ந்து தளர்ந்தது, இந்தப் பக்கம். மையம் குவிந்து நின்றது, அந்தப் பக்கம். தெருவில் நின்றவர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். தம்பிக்கு மட்டும் புரிந்தது. அவன் மெதுவாகக் கிட்டே வந்து நின்றான்.

ஒரு பூ மற்றதெல்லாவற்றையும்விடச் சின்னதாக இருந்தது. காம்பு மெலிந்து, தலை தொங்கியது. மையம் இரண்டாகப் பிளந்திருந்தது. கண்காட்சியில் நடுவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

"இது ஆகாது" என்றார் கடைசல்காரர்.

"அது அண்ணி வச்ச செடி, அண்ணே" என்றான் தம்பி. "மத்ததெல்லாம் நான் ஒட்டுக் கட்டினது. அது அவங்களே குச்சி ஊனி வளத்தது. இப்பதான் முதல் தடவயா மொட்டு விட்டுச்சு. காட்டலாம்னு அன்னிக்கி ஒரு மொட்ட வெட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வந்தோம். வேண்டாம், செடியிலயே இருக்கட்டும், கொண்டுபோய் வைங்கன்னுட்டாங்க. வெட்டினத எப்படிக் கொண்டுபோய் வைக்கறது? இது அதுக்குப் பக்கத்துலயே இருந்த மொட்டு."

"அன்னிக்கின்னா என்னிக்கி?"

தம்பி, பின்னால் வந்து நின்ற தன் மனைவியைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள். "நீங்க கவாத்துக்கு வந்த அன்னிக்கி, மாமா."

குச்சிக்காக மட்டும் அவரை அனுப்பவில்லை. இவர்கள் வந்து பக்கத்தில் உட்காருவதற்காகவும்தான். இனி அதிர்வதற்கு அவரிடம் ஒன்றும் பாக்கியில்லை. அந்தப் பூவைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

"என்ன பேசினா?"

"ஒண்ணும் பேசல. முக்கால்வாசி நேரம் தூங்கிட்டுதான் இருந்தாங்க. நடுவுல ஒரு தடவ கண்ணு முழிச்சு, அவரு வந்துட்டாரான்னு கேட்டாங்க."

"எப்படிக் கேட்டா?"

"எப்படின்னா?"

"நான் வந்துட்டேனோன்னு பயந்து கேட்டாளா? இல்ல..." கையிலிருந்த பூவைத் திருப்பிப் பார்த்தார். "இல்ல, இன்னும் வரலியேன்னு கேட்டாளா?"

தம்பி மனைவி யோசித்தாள். நல்லபடியாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"தெரியல மாமா" என்றாள். "குரல் ரொம்ப மெதுவா இருந்துச்சு."

கடைசல்காரர் தலையை ஆட்டினார். பொறுக்கி வைத்த நல்ல பூக்களை அள்ளி மகளிடம் கொடுத்தார். அவள் உள்ளே கொண்டுபோய்த் தன் அம்மாவின் தோளிலிருந்து பாதம் வரை வைத்தாள். சின்னப் பூ மட்டும் அவர் கையிலேயே இருந்தது.

"அதையும் குடுங்கப்பா."

"இல்ல, இருக்கட்டும்."

உள்ளே நாலு பேர் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். தலைப்பக்கம் ஒரு இடம் அவருக்கு. அதற்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரரைத் தொட்டு, "நீங்க விடுங்க சார், அவன் பிடிக்கட்டும்" என்றார். வாசலில் நின்ற தம்பி செருப்பை உதறிவிட்டு ஓடிவந்தான்.

குனியப்போனவர் கையைப் பார்த்தார். பூவைப் பிடித்துக்கொண்டு கட்டிலைத் தூக்க முடியாது. கட்டிலில் வைத்தால் அவளோடு போய்விடும். சுற்றிலும் பார்த்துவிட்டு, அதைத் தம்பி மனைவியிடம் நீட்டினார்.

"இத கொஞ்சம் வச்சிரும்மா. வந்து வாங்கிக்கறேன்."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கட்டிலைத் தூக்கினார்கள். அவர் நினைத்ததைவிட லேசாக இருந்தது. வாசலுக்கு வந்ததும் தம்பி, "படி இருக்கு அண்ணே, பாத்து" என்றான். அவருடைய வீட்டுப் படிதான். அவர் காலைத் தூக்கி வைத்து இறங்கினார்.